வேடரின் கப்பலில் வரிசையாக நின்றவர்கள்: துணைப் பாத்திரங்களின் ஆறிலொரு அளவுப் பொம்மைகளை மதிப்பிடுவது எப்படி?

கேள்வி: 1980-ல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசைப் படமான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’கில் வில்லன் டார்த் வேடர் தன் கப்பலுக்கு வரவழைத்து நிறுத்தும், பரிசுப் பணத்துக்கு ஆள் பிடிக்கும் வேட்டைக்காரர்களை ஆறிலொரு அளவில் சேர்க்க விரும்புகிறேன். அவர்களுள் போபா ஃபெட் எல்லாரிடமும் இருப்பதால் மற்ற ஐவர் (பல்லி முகப் பாஸ்க், இயந்திரன் ஐஜி-88, டெங்கர், ஜக்கஸ், 4-லாம்) போதும். பயன்படுத்திய பாஸ்க் ஒன்று, பெட்டியோடு, முதலில் விற்ற விலையைவிடக் கூடுதலாகச் சொல்லப்படுகிறது; விற்பவர் நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா? இத்தகைய பொம்மைகளைப் பொதுவாக எப்படி மதிப்பிடுவது? நான் சென்னையில் வசிக்கிறேன்.

பதில்:

வாங்கலாம். ஆனால் விற்பவர் அனுப்பியிருக்கும் நான்கு படங்களை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், துணைப் பாத்திரங்களை மதிப்பிடும் முறை முதன்மைப் பாத்திரங்களை மதிப்பிடும் முறையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நாயகனின் பொம்மையை எடுத்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். அந்த நடிகரின் சாயல் வந்துவிட்டால் சட்டையின் தையல் சற்றுத் தடிமனாக இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். பாஸ்க், ஐஜி-88, ஜக்கஸ், 4-லாம் ஆகியோருக்கு நாம் அறிந்த மனித முகமே கிடையாது. டெங்கராக நின்ற மோரிஸ் புஷ்ஷின் முகம்கூடக் கட்டுத்துணிக்கு நடுவில் சில விநாடிகள் தெரிவதோடு சரி. ஆகவே இவர்களின் பொம்மையில் மதிப்பிட வேண்டியது, படப்பிடிப்புத் தளத்தில் உண்மையாக இருந்த உடையும் பொருளும் எவ்வளவு சரியாகச் சுருக்கப்பட்டிருக்கின்றன என்பதையே.

இந்த ஐவரைப் பொறுத்தவரை அப்படி ஒப்பிடுவது எளிது. ஏனெனில் படத்தின் கலைஞர்கள் இவர்களைப் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த உண்மைப் பொருள்களைக் கொண்டே உருவாக்கினார்கள். ஐஜி-88-இன் தலை, குளோஸ்டர் மீட்டியார் போர் விமானத்தை இயக்கிய ரோல்ஸ்ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் எரியறைக் குழாய். 1977-ல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் மதுக்கூடக் காட்சியிலும் அதே வகைக் குழாய்கள் பின்னணியில் நிற்பதைக் காணலாம். ஆலன் ஹாரிஸ் அணிந்த பாஸ்கின் உடை, மிக உயரத்தில் பறக்கும் பிரிட்டிஷ் விமானிகளுக்காகத் தயாரிக்கப்பட்ட விண்டாக் அழுத்த உடை. அவ்வகை உடை 1966-லேயே பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் தலைகாட்டியிருக்கிறது. பாஸ்கின் உடை அவனுக்குக் குட்டையாக இருப்பதும், செதில் படர்ந்த முன்கையும் கெண்டைக்காலும் வெளியே தெரிவதும் அந்தப் பாத்திரத்தின் தோற்றத்தையே தீர்மானிக்கின்றன. உடையைப் பொம்மையின் அளவுக்கு ‘சரியாக’ வெட்டித் தைத்த ஒரு பாஸ்க், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பாஸ்க் போல இருக்காது.

அளவைச் சரிபார்ப்பது எளிய கணக்கு. 180 செ.மீ. உயரமுள்ள மனிதர் ஆறிலொரு பங்கில் 30 செ.மீ. வருவார், ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள ஐஜி-88 சுமார் 33 செ.மீ. வர வேண்டும்; ஜக்கஸ் மற்ற நால்வரைவிடக் கண்ணில் படும்படி குள்ளமாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் ஒரே உட்கூட்டை (உடைக்குள் இருக்கும் உடலை) எல்லாருக்கும் பயன்படுத்தி, ஐவரையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. தனித்தனியாகப் பார்க்கும்போது இது தெரியாது; வரிசையாக நிறுத்தும்போதுதான் காட்சி கெடும். பழைய எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். கென்னர் நிறுவனம் 1978 முதல் வெளியிட்ட 12 அங்குல வரிசையில் 1980-ல் ஐஜி-88 வந்தது. அதன் உயரம் 15 அங்குலம், அதாவது சுமார் 38 செ.மீ. ஆறால் பெருக்கினால் 2.28 மீட்டர். அது அரிய பொருள், நல்ல விலை போகும் பொருள், நானும் அதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் இன்றைய டெங்கருக்குப் பக்கத்தில் வைத்தால் அது வேறொரு வரிசையிலிருந்து வழி தவறி வந்ததுபோல் நிற்கும். அதை அதன் காலத்துப் பொம்மைகளோடு வைப்பதே அழகு.

உயரத்தைவிடக் கடினமான சோதனை துணி. உருவத்தை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம், நூலை அப்படிச் சுருக்க முடியாது. பொம்மையின் சட்டையில் 2 மி.மீ. நீளத்துக்கு ஒரு தையல் விழுந்திருந்தால், உண்மை அளவில் அது 12 மி.மீ. நீளத் தையல், எந்த விமானி உடையும் அப்படித் தைக்கப்படுவதில்லை. அரை மி.மீ. தடிமனுள்ள துணி, உண்மை அளவில் 3 மி.மீ. தடிமனுள்ள கம்பளத்துக்குச் சமம். அதனால்தான் மலிவான பொம்மைகளில் முழங்கையும் இடுப்பும் உப்பிக்கொண்டு நிற்கின்றன. நல்ல தயாரிப்பில் துணி மெலிதாக இருக்கும், ஓரங்கள் மடித்துத் தைக்கப்படாமல் சில இடங்களில் ஒட்டப்பட்டிருக்கும், ஜிப் இருக்க வேண்டிய இடத்தில் ஜிப்பின் தோற்றம் மட்டும் இருந்து உண்மையான திறப்பு வெல்க்ரோவாக முதுகுப் பக்கம் மறைந்திருக்கும். இதைக் குறை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1 மி.மீ. பல் கொண்ட ஜிப்பை முன்புறம் வைத்தால் அது 6 மி.மீ. பல் கொண்ட ஜிப்பாகக் கண்ணுக்குத் தெரியும்.

நிறத்தைப் பற்றிய சண்டைகளில் நீங்கள் இறங்காமலிருப்பது நல்லது. படத்தின் 1997-ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு, 2004-ஆம் ஆண்டு டிவிடி, 2011-ஆம் ஆண்டு ப்ளூ-ரே, 2020-ல் வந்த 4கே வட்டு ஆகிய ஒவ்வொன்றிலும் அதே காட்சி வெவ்வேறு வண்ணச் சாயலில் இருக்கிறது. அதோடு, அந்தக் கப்பல் மேடையின் மங்கலான ஒளியில் தெரியும் பாஸ்க் உடையின் மஞ்சளும் விளம்பரத்துக்காக ஸ்டுடியோ விளக்கில் எடுத்த படங்களில் தெரியும் மஞ்சளும் ஒன்றல்ல. தயாரிப்பாளர் எதைப் பின்பற்றினார் என்று பாருங்கள். ஏதேனும் ஒன்றை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் போதும். நிறத்தைவிட அழுக்கின் இடம் முக்கியம். உடையில் மண்ணும் எண்ணெயும் முழங்கால், கைப்பிடி, தோள்வார் உரசும் இடங்களில் சேர வேண்டும். உடல் முழுவதும் ஒரே சீராகப் பழுப்புத் தூவியிருந்தால் அது தொழிற்சாலையில் அவசரமாக முடித்த வேலை.

இனி, எவை கிடைக்கின்றன என்பது. 1990-களின் பிற்பகுதியில் கென்னரும் அதன் உரிமையாளரான ஹாஸ்ப்ரோவும் 12 அங்குல வரிசை ஒன்றை வெளியிட்டன. மதுக்கூட வாத்தியக் குழுவினரை 1997-ல் வால்மார்ட் கடைகளுக்கென்றே தனித்தனி வாத்தியங்களோடு கொண்டுவந்த வரிசை அது. துணியும் வண்ணமும் எளிமையானவை. இருந்தாலும் வேறு யாரும் தொடாத பல முகங்கள் அதில் இருப்பதால் அதை ஒதுக்க முடியாது. ஜப்பானின் மெடிகாம் நிறுவனத்தின் வரிசை அதைவிட நேர்த்தியானது. நீங்கள் கேட்கும் காட்சிக்கு அமெரிக்காவின் சைட்ஷோ நிறுவனம்தான் முதன்மையானது. பாஸ்க், டெங்கர், ஐஜி-88 உள்ளிட்டோரை அது 2010-களில் வெளியிட்டது. ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் முகச்சாயலில் நிகரற்றது என்றாலும், அதன் கவனம் பெரும்பாலும் விலைபோகும் பாத்திரங்கள்மீதே இருக்கிறது. ‘தி மாண்டலோரியன்’ தொடர் 2019-ல் வந்த பிறகு அதில் வரும் ஐஜி-11-ஐ ஹாட் டாய்ஸ் செய்தது. அதை ஐஜி-88 என்று பெயர் மாற்றியோ மாற்று வண்ணம் பூசியோ விற்பவர்கள் உண்டு. உருவமைப்பு ஒரே குடும்பம்தான், ஆனால் தேய்மானமும் உபகரணங்களும் வேறு. மாற்றி வண்ணம் பூசியது என்று விற்பவர் வெளிப்படையாகச் சொன்னால் வாங்குவதில் தவறில்லை.

தேடும்போது ஒரு பழைய குழப்பத்தை நினைவில் வையுங்கள். கென்னர் 1982-ல் சிறு பொம்மைகளை வெளியிட்டபோது, பூச்சித் தலை கொண்ட இயந்திரனுக்கு ஜக்கஸ் என்றும், சுவாசக் கருவியும் அங்கியும் அணிந்தவனுக்கு 4-லாம் என்றும் பெயரிட்டது. பிற்காலத்தில் பெயர்கள் இடம் மாறி, இயந்திரன் 4-லாம் ஆகிவிட்டான். பழைய பழக்கத்தில் இன்றும் சிலர் மாற்றி எழுதுகிறார்கள் என்பதால் இரண்டு பெயர்களிலும் தேடுங்கள். பெயரை விட்டுப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விளம்பரப் படங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்பதிவின்போது காட்டப்படுவது கையால் வண்ணம் தீட்டிய முன்மாதிரி. உங்கள் கைக்கு வருவது ஆயிரக்கணக்கில் தயாரானவற்றுள் ஒன்று. பாஸ்க் போன்ற செதில் தோலில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். முன்மாதிரியில் ஒவ்வொரு செதிலின் குழிக்குள்ளும் கருமை இறங்கி, மேடுகளில் வெளிர் நிறம் படிந்திருக்கும். தொழிற்சாலைப் பிரதியில் அந்தக் கருமை சில இடங்களில் தேங்கிக் கறைபோல் நிற்கலாம், அல்லது இறங்காமலே போயிருக்கலாம். எனவே ஒரே பொம்மையின் இரண்டு பிரதிகளுக்கு நடுவே உள்ள தர வேறுபாட்டுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது முற்றிலும் நியாயமானது.

பயன்படுத்திய பொம்மைகளில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது செயற்கைத் தோல். பாலியூரிதேன் பூசிய துணியே இந்த அளவில் வார், பை, கையுறை, மேலங்கி எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. காற்றின் ஈரத்தால் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகள் மெல்ல அறுபடுகின்றன. வெப்பம் அதை விரைவாக்குகிறது. முதலில் பளபளப்புக் குறையும், பிறகு மடிப்புகளில் முடியளவு கோடுகள் தோன்றும், அதன் பின் தவிடுபோல் உதிரும். தொடங்கிவிட்டால் எந்த எண்ணெயும் தெளிப்பானும் அதை நிறுத்தாது. பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பதும் இதற்குக் காப்பு ஆகாது என்பதால், ‘இதுவரை திறக்கப்படாதது’ என்று கூடுதல் விலை சொல்லும் பத்தாண்டுப் பழைய பொம்மையை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். உள்ளே என்ன நிலை என்பதை அதில் யாரும் பார்த்திருக்கவில்லை. இதே காரணத்தால், மூடிய பெட்டிக்கு மதிப்பெண் வழங்கும் தரச்சான்றுகள் சிறு பொம்மைகளுக்குப் பொருந்தும் அளவுக்கு இவற்றுக்குப் பொருந்துவதில்லை.

அடுத்தது பிவிசி என்னும் பிளாஸ்டிக். அதை மென்மையாக்கச் சேர்த்த திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுப்பாகும். மெல்லிய சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். மணிக்கட்டு ஆணிகள் ஒடிவது எல்லா நிறுவனங்களின் பொம்மைகளிலும் பொதுவான நோய். கையை மாற்றும் முன் ஹேர் டிரையரால் சிறிது வெப்பமூட்டுவது வழக்கம். விளக்கெரியும் பொம்மையானால் பட்டன் பேட்டரி உள்ளேயே விடப்பட்டிருந்ததா என்று கேளுங்கள். பேட்டரி அறையில் வெண்பச்சைப் பொடி தெரிந்தால் தொடர்புத் தகடு அரித்திருக்கிறது. அடர்நிற உடையின் சாயம் உட்கூட்டில் ஏறியிருக்கலாம், ஆனால் அது வெளியே தெரியாதவரை பொருட்படுத்த வேண்டியதில்லை. மூட்டு தளர்ந்திருப்பதை மட்டும் கவனியுங்கள், குறிப்பாக ஐஜி-88-இல்: மெல்லிய கால்கள் முழு எடையையும் தாங்குகின்றன, உடை இல்லாததால் தாங்குகம்பியை மறைக்கவும் இடமில்லை. படத்தில் அந்த இயந்திரன் ஏறத்தாழ அசையாமல் நின்றவன் என்பதால், நேராக நிறுத்துவதே படத்துக்கும் உண்மையானது, மூட்டுக்கும் நல்லது.

முழுமை என்பது துணைப் பாத்திரங்களில் இன்னும் கூடுதலாகக் கணக்கில் வரும். நாயகனின் கைத்துப்பாக்கி தொலைந்தால் மாற்று எங்கும் கிடைக்கும். டெங்கரின் துப்பாக்கியோ பாஸ்கின் மாற்றுக் கையோ தொலைந்தால், இன்னொரு முழுப் பொம்மையைப் பிரித்து விற்பவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். சைட்ஷோ பல பொம்மைகளை இரு பதிப்புகளாக வெளியிட்டது. தன் கடையில் நேரடியாக விற்ற சிறப்புப் பதிப்பில் கூடுதலாக ஒரு பொருள் இருக்கும். விற்பவர் எந்தப் பதிப்பு என்று சொல்கிறாரோ, அதற்குரிய பொருள்பட்டியலை வைத்து ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். தலை மட்டும் தனியாக விற்கப்பட்டால் போலி வார்ப்பா என்று பார்க்க வேண்டும். அசல் தலையிலிருந்து அச்செடுத்து வார்க்கும் பிசின் உறையும்போது சற்றுச் சுருங்குவதால் போலித் தலை அசலைவிடச் சிறிதாகவும், செதிலின் விளிம்புகள் மழுங்கியும் இருக்கும். அசலின் அருகில் வைத்து எடுத்த படம் இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

விலைக்கு வருவோம். அரிதாக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் விலை உயர்ந்துவிடாது. அதைத் தேடுபவரும் இருக்க வேண்டும். துணைப் பாத்திரங்கள் குறைவாகத் தயாராகின்றன, தேடுபவர்களும் குறைவு. ஆகவே ஆண்டுக்குச் சில விற்பனைகளே நடக்கும் சந்தையில் ஒரு தனி விற்பனை விலையை நிர்ணயித்துவிடாது. ஈபேயில் கேட்கப்படும் விலைகளை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்து, நிலையும் பதிப்பும் ஒத்த நான்கைந்தை எடுத்து நடுமதிப்பை (விலை வரிசையில் நடுவில் வருவதை) கொள்ளுங்கள். புதிய ஹாட் டாய்ஸ் பொம்மைகளே இன்று 250 டாலர் முதல் 300 டாலர் வரையிலும் அதற்கு மேலும் விற்கும் நிலையில், பத்தாண்டுக்கு முந்தைய நல்ல பாஸ்க் தன் முதல் விலையைத் தாண்டுவது வியப்பன்று. இந்தியாவுக்கு வரவழைப்பதானால் சுங்கத்தை முதலிலேயே கணக்கிடுங்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. தனிநபர் இறக்குமதிக்கும் பரிசுப் பொருளுக்கும் பொருந்தும் விதிகளைக் கூரியர் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். உள்நாட்டிலேயே இருக்கும் பொம்மைக்கு விற்பவர் சற்றுக் கூடுதலாகக் கேட்பதற்கு இந்த வரியும் நியாயமான காரணம்.

சென்னையின் கடற்காற்று இந்தப் பொழுதுபோக்குக்குப் பகை. கண்ணாடி அலமாரியில் ஒரு ஈரமானி வையுங்கள். சார்பு ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. சிலிக்கா ஜெல் பைகளை நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் அலமாரியை முற்றாக அடைத்துவிடாதீர்கள். பிவிசியிலிருந்து வெளியேறும் ஆவி உள்ளேயே தேங்கினால் பிசுபிசுப்பு கூடும். சன்னல் வெயில் நேராக விழும் சுவரைத் தவிருங்கள். இந்த ஐவருக்கும் தட்டுகளுக்கிடையே 40 செ.மீ. இடைவெளி இருந்தால் தாங்குகம்பியோடு வசதியாக நிற்பார்கள்.

இப்போது உங்கள் பாஸ்க். விற்பவரிடம், ஃபிளாஷ் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கேளுங்கள்: தலையின் இரு பக்கமும், கழுத்து உடைக்குள் இறங்கும் இடமும், வளைத்துப் பிடித்த முழங்கையும், வார்களின் மடிப்பும், மணிக்கட்டு ஆணிகளும், பெட்டியின் உள்தட்டில் ஒவ்வொரு பொருளும் அதனதன் குழியில் இருக்கும் நிலையும். வளைத்த மடிப்பில் கோடு விழுந்திருந்தால், முதல் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். கோடு இல்லை, கைகள் முழுமையாக இருக்கின்றன, செதில்களின் கருமை சீராக இறங்கியிருக்கிறது என்றால், நான்கைந்து விற்பனைகளின் நடுமதிப்புவரை தயங்காமல் கொடுங்கள். பெட்டியின் மூலை நசுங்கியிருப்பதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்கலாம். அதற்காகப் பொம்மையைக் கைவிட வேண்டாம். பாஸ்குக்குப் பிறகு ஐஜி-88-ஐத் தேடுங்கள். அவனுக்கு உடை இல்லை, செயற்கைத் தோல் சிதையும் அச்சம் குறைவு என்பதால் பழைய பிரதியையும் துணிந்து வாங்கலாம். டெங்கரின் கட்டுத்துணியும் ஜக்கஸின் அங்கியும் நிலையைப் பொறுத்தே மதிப்புப் பெறுபவை. அவ்விருவருக்கும் நல்ல பிரதி வரும்வரை அலமாரியில் இடம் காலியாக இருக்கட்டும்.